வீட்டு வாகனத்துக்குச் செய்மதித் தொலைக்காட்சி: வன்னியில் எந்தச் சேவை பொருந்தும்?

கேள்வி: திருநகர் வாசகி, கிளிநொச்சி

அனைவருக்கும் வணக்கம். பாடசாலைச் சேவையில் ஓடிய பழைய மிட்சுபிஷி றோசா பஸ் ஒன்றை என் கணவர் வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில்களும் ஒரு சமையல் மேடையும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, வெளிநாடுகளில் மோட்டர்ஹோம் என்று சொல்லப்படும் வகையில் வீட்டு வாகனமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். மாமாவுக்கும் மாமிக்கும் நடமாட்டம் குறைந்துவிட்டது. விடுதிகளில் மாடிப்படி ஏறி இறங்குவது அவர்களால் முடியாத காரியம். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், இடையிடையே திருகோணமலைக்கும் கதிர்காமத்துக்கும் அவர்களைக் கூட்டிச் சென்று, போகும் இடத்தில் வண்டியிலேயே சில இரவுகள் தங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

வண்டியில் தொலைக்காட்சி இருக்க வேண்டும் என்பதுதான் மாமா வாய்விட்டுக் கேட்ட ஒரே வசதி. இரவுச் செய்தி பார்க்காமல் அவர் உறங்குவதில்லை. கிரிக்கெட் போட்டி நடந்தால் அதையும் விடமாட்டார். மாமிக்குத் தமிழ்நாட்டுத் தொடர்கள் வேண்டும். வீட்டில் டயலொக் தொலைக்காட்சி இணைப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டார் இந்தியச் சேவை ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பியோ, அங்கே மோட்டர்ஹோம்களின் கூரையில் பூட்டப்படும், தானாகவே செய்மதியைத் தேடிப் பிடிக்கும் குவிமாட அன்ரனா ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான்.

இவற்றில் எதைத் தேர்வது? டிஷ்ஷைக் கூரையில் நிரந்தரமாகப் பூட்டுவதா, இறங்கிய இடத்தில் நிலத்தில் வைப்பதா? வீட்டு இணைப்பையே வண்டிக்கும் கொண்டுபோகலாமா? பணத்தைச் செலவழிப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் ஆலோசனையைக் கேட்க விரும்புகிறோம்.

பதில்: பரந்தன் சந்தி

வணக்கம் சகோதரி. கரைச்சியிலும் கண்டாவளையிலும் வீடுகளுக்கு டிஷ் பூட்டுவது என் தொழில். கடற்கரை வாடிகளிலும், வேலைத்தளங்களில் நிற்கும் வாகனங்களிலும் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பியிடம் அந்தக் குவிமாடத்தை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தரமான பொருளாகத்தான் இருக்கும். ஆனால் அது வட அமெரிக்க வானத்துக்காகச் செய்யப்பட்டது. அங்குள்ள வீட்டுச் சேவைகள் பெரும்பாலும் வட்ட முனைவாக்கத்தில், அதாவது சுழன்றபடி செல்லும் விதத்தில், அலைகளை அனுப்புகின்றன. நம் பக்கத்துச் சேவைகள் கிடையும் நிலையுமான நேர்கோட்டு முனைவாக்கத்தில் அனுப்புகின்றன. வட்ட முனைவாக்கத்துக்கென்று செய்யப்பட்ட எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவி) நம் சிக்னலை ஒழுங்காகப் பிரித்து எடுக்காது. அதோடு அந்தக் குவிமாடத்தின் நினைவகத்தில் பதியப்பட்டிருப்பவை அமெரிக்கக் கண்டத்துக்கு மேலுள்ள செய்மதிகள். வாகனத்தை நிறுத்தியதும் அது அவற்றைத் தேடிச் சுழலும், கிடைக்காமல் நின்றுவிடும். ஐரோப்பாவிலிருந்து வரும் குவிமாடங்கள் நேர்கோட்டு முனைவாக்கத்துக்கு உரியவை என்றாலும், ஐரோப்பாவில் செய்மதி தாழ்வாகத் தெரிவதால், அவற்றில் பல எவ்வளவு உயரம் வரை நிமிர்ந்து பார்க்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ பூமத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். இந்தியச் சேவைகளின் செய்மதிகள் நம் தலைக்கு மேல் நிற்பதுபோலவே இருக்கும்.

இனி சேவைக்கு வருகிறேன். டயலொக் தொலைக்காட்சி கிழக்குத் தீர்க்கரேகை 45 பாகையில் நிற்கும் இன்ரெல்சாற் 38 என்ற செய்மதியிலிருந்து வருகிறது. 2018 செப்டெம்பரில் ஏரியான் 5 றொக்கெற்றில் அனுப்பப்பட்ட செய்மதி அது. அசர்பைஜான் நாட்டின் அசர்ஸ்பேஸ் 2 என்ற பெயரும் அதற்கு உண்டு. கிளிநொச்சியிலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கிலிருந்து 13 பாகை தெற்கே சாய்ந்து, அதாவது வடக்கிலிருந்து எண்ணினால் 257 பாகையில், அடிவானத்துக்கு மேல் 47 அல்லது 48 பாகை உயரத்தில் இருக்கும். பெப்ரவரி நடுப்பகுதியிலும் ஒக்ரோபர் இறுதியிலும் சூரியன் எந்தப் புள்ளியில் மறைகிறதோ, அந்தத் திசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உங்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நின்றாலும் அம்பாந்தோட்டையில் நின்றாலும் அந்த உயரக் கோணம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. திசை மட்டும் ஐந்து பாகை அளவில் நகரும். ஆகவே ஒருமுறை உயரக் கோணத்தைச் சரியாக இறுக்கி வைத்தால், நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் டிஷ்ஷை இடம் வலமாக மட்டும் மெதுவாகத் திருப்பிச் சிக்னலைப் பிடிக்கலாம்.

60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றின் பார்வை அகலம் ஏறத்தாழ மூன்று பாகைதான். நடுவிலிருந்து ஒரு பாகை விலகினாலே படத்தின் தரம் குறையத் தொடங்கும். இதனால்தான் கூரையில் நிரந்தரமாகப் பூட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. வண்டி நிற்கும் நிலம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், கூரையோடு சேர்ந்து டிஷ்ஷும் சாயும். நீங்கள் இறுக்கி வைத்த உயரக் கோணம் பொய்யாகிவிடும். உள்ளே ஆட்கள் நடமாடி வண்டி ஆடினால் படம் தடுமாறவும் கூடும். அதைவிட முக்கியமானது மரம். மாமா மாமியை நிழலில் வைத்திருக்கத்தான் வண்டியை மரத்தடியில் நிறுத்துவீர்கள். மரத்தடியில் நிறுத்தினால் கூரை டிஷ்ஷுக்கு வானம் தெரியாது. பாலையும் மருதமும் இலை அடர்ந்த மரங்கள், அதிலும் மழை நனைத்த இலை சிக்னலை முற்றாக மறைத்துவிடும். டிஷ் முக்காலியில் தனியாக இருந்தால் வண்டி நிழலிலும் டிஷ் வெளியிலும் நிற்கலாம்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரக் கோணம் 48 பாகைக்கு அருகில் இருப்பதால், மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் மரத்திலிருந்து தள்ளி வைத்தால் அதன் உச்சிக்கு மேலால் பார்வை போய்விடும். 20 மீற்றர் மரத்துக்கு 20 மீற்றர். மேற்குத் தென்மேற்கில் நிற்கும் மரத்தை மட்டும் பார்த்தால் போதும். மற்றத் திசைகளில் எத்தனை மரம் நின்றாலும் கவலையில்லை. நாம் பூட்டும் டிஷ்கள், எல்.என்.பி. தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் சாய்வுக் குவிய வகையைச் சேர்ந்தவை என்பதால், தட்டைப் பார்த்தால் அது கிடைத் திசைக்குச் சற்று மேலேதான் பார்ப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது பார்க்கும் இடம் அதைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. எதிரில் இருக்கும் மதிலைக் கண்டு பயந்து டிஷ்ஷை நிமிர்த்திவிடாதீர்கள்.

பொருத்தும்போது றிசீவர் திரையில் சிக்னல் பலம், சிக்னல் தரம் என்று இரண்டு கோடுகள் வரும். பலம் என்ற கோடு டிஷ் எங்கே பார்த்தாலும் ஓரளவு காட்டிக்கொண்டே இருக்கும், அதை நம்ப வேண்டாம். தரம் என்ற கோடு எழும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். தொலைபேசியின் திசைகாட்டியைப் பயன்படுத்துவதானால் வண்டியிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். இரும்பு உடல் அதைத் திசை திருப்பிவிடும். எல்.என்.பி. அதன் பிடியில் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்பதைப் பூட்டுபவரைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்து, பிடிக்கும் எல்.என்.பி.க்கும் குறுக்காகப் பெயின்ரினால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இணைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்மதித் தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. றிசீவர் எங்கே இருக்கிறது என்பது செய்மதிக்குத் தெரியாது. வீட்டிலுள்ள றிசீவரைக் கழற்றி வண்டியில் வைத்தால் அது வேலை செய்யும். ஆனால் அவ்வளவு நாளும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி இல்லை. அடிக்கடி கழற்றிப் பூட்டினால் கேபிள் முனைகளும் தேயும். வண்டிக்கென்று முற்கொடுப்பனவு முறையில் இன்னொரு இணைப்பு எடுத்து, பயணம் போகும் நாட்களில் மட்டும் ரீலோட் செய்வதே என் பார்வையில் சிக்கனமானது. பிற்கொடுப்பனவில் எடுத்தால் பஸ் கராஜில் கிடக்கும் மாதத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டி வரும்.

பதில்: முறிகண்டி

பரந்தன் அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாமாவுக்கு வேண்டியது இரவுச் செய்தி என்றால், அதற்குச் செய்மதியே தேவைப்படாத இடங்கள் வன்னியில் நிறைய உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற உள்ளூர்த் தமிழ் ஒளிபரப்புகள் தரைவழி அலைவரிசையிலும் வருகின்றன. போரில் அழிந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் மீண்டும் கட்டப்பட்டு 2011 இல் திறக்கப்பட்டது. 170 மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம் அது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும், ஒரு மூங்கில் தடியில் சாதாரணக் கம்பி அன்ரனாவைக் கட்டி அந்தப் பக்கம் திருப்பினால், கட்டணம் எதுவுமின்றிச் செய்தி பார்க்கலாம். மரங்களும் அதற்குப் பெரிய தடையல்ல. கார்த்திகை மார்கழியில் மழை அடித்து ஊற்றும் இரவுகளில் டிஷ் கைவிட்டாலும் இந்த அன்ரனா கைவிடாது.

ஆகவே எந்தச் சேவை எடுத்தாலும் இதையும் ஒரு துணையாக வண்டியில் வைத்திருங்கள். புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போது அதில் அனலொக் அன்ரனாத் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கணினித் திரையை மலிவாக வாங்கிவிட்டால் அந்த வசதி இராது.

பதில்: மடு வீதி

மடுவுக்கு வருவதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். ஆவணித் திருவிழாக் காலத்தில் மடு மாதா கோயில் வளாகத்தைச் சுற்றியுள்ள காட்டு மரங்களின் கீழ்தான் குடும்பங்கள் கூடாரம் அடித்துத் தங்குகின்றன. நிழல் அருமையாக இருக்கும். வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். பகலில் வந்து சேர்ந்து, மேற்குத் தென்மேற்குப் பக்கம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். இரவில் வந்தால் மரத்துக்கு இடையில் இடைவெளி எது, கிளை எது என்று தெரியாது. 20 மீற்றர் நீளமான ஆர்.ஜி.6 எனப்படும் டிஷ் கேபிள் ஒன்றை ஒரே துண்டாக வாங்கிச் சுற்றி வைத்திருப்பது நல்லது. இடையில் ஒட்டுப் போட்ட கேபிளில் மழை நீர் இறங்கும். பாதுகாப்புக் கமராவுக்குப் பயன்படுத்தும் மெல்லிய கேபிளைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

இன்னொரு விடயத்தை வன்னியில் வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் உங்களோடு பயணம் செய்தால் அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நல்ல சிக்னல் தேடி முக்காலியைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் இறங்கக்கூடாது. மிதிவெடி அகற்றப்படாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகை இருந்தால் மட்டுமல்ல, பலகை இல்லாவிட்டாலும், ஆட்கள் நடந்து பழகாத நிலத்தில் ஆணி அடிக்கவோ மண்ணைத் தோண்டவோ வேண்டாம். வீதியோரம், கோயில் வெளி, பாடசாலை மைதானம், வீட்டு வளவு போன்ற இடங்களில் சிக்னல் கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் அன்று தொலைக்காட்சி இல்லாமல் இருங்கள்.

முக்காலியை ஆணி அடித்து நிறுத்துவதற்குப் பதிலாக, அதன் நடுவில் ஒரு கொக்கி வைத்து, இருபது லீற்றர் தண்ணீர்க் கானைத் தொங்கவிடலாம். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் காலத்தில் பூநகரியிலும் மன்னார்க் கரையிலும் வெறும் முக்காலி நிற்காது. குரங்குகள் ஏறி உட்காருவதையும் அந்தப் பாரம் ஓரளவு தாங்கும்.

பதில்: நெடுங்கேணி

இங்கே எல்லோரும் உள்ளூர்ச் சேவையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பல காலமாக இந்திய டிஷ்தான் இருக்கிறது. மாமிக்குத் தமிழ்நாட்டுத் தொடர்கள் வேண்டும் என்று சகோதரி எழுதியிருக்கிறார். தமிழ் அலைவரிசைகள் இந்தியச் சேவையில்தான் அதிகம். செய்மதியும் உயரத்தில் நிற்பதால் மரத் தொல்லை குறைவு. இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

பதில்: பரந்தன் சந்தி

நியாயமான கேள்வி. நீங்கள் சொல்வதில் இரண்டும் உண்மை. சன் டைரக்ட் சேவையும், இந்திய அரசின் கட்டணமில்லாத டிடி ஃப்றீ டிஷ் சேவையும் 93.5 பாகைக் கிழக்கில் நிற்கும் ஜிசாற் 15 செய்மதியிலிருந்து வருகின்றன. கிளிநொச்சியில் அது தென்கிழக்கே 125 பாகையில், 71 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு 20 மீற்றர் மரத்திலிருந்து ஏழு மீற்றர் விலகினாலே போதும். காட்டுப் பகுதியில் தங்குபவருக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. ஒரு திறந்த வெளியில் டிஷ் வைத்தால் கிழக்கும் மேற்கும் சமமாகத்தான் இருக்கும்; அடர்ந்த மரத்தடியில் உயரத்தில் நிற்கும் செய்மதிதான் வெல்லும்.

ஆனால் அந்தக் கட்டணச் சேவைகள் இந்தியாவுக்குள் பார்ப்பதற்காக, இந்திய முகவரியில் பதியப்பட்டு வழங்கப்படுபவை. இங்கே நாம் யாரோ ஒருவர் மூலமாகத்தான் பணம் கட்டுகிறோம். இணைப்பு துண்டிக்கப்பட்டால் முறையிட ஓர் அலுவலகம் இல்லை, அட்டை முடங்கினால் மாற்றித் தர ஆள் இல்லை. வீட்டில் இருந்தால் இடையில் நிற்பவரைத் தேடிப் போய்க் கேட்கலாம்; கதிர்காமத்தில் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? மேலும் அந்தச் செய்மதியின் சிக்னல் கற்றைகள் இந்திய நிலப்பரப்பை நோக்கி அமைக்கப்பட்டவை. வன்னி இந்தியாவுக்கு அருகில் இருப்பதால் இங்கே நன்றாக வருகிறது. தெற்கே போகப் போகக் கற்றையின் ஓரத்தை நெருங்குவோம். மழை மேகம் சேர்ந்தால் முதலில் விழுவது அதுதான். உரிமம், கட்டணம், பழுது என்று எல்லாவற்றுக்கும் இந்த நாட்டுக்குள்ளேயே ஒருவர் பொறுப்பாக இருக்கும் சேவையைத்தான் வயதானவர்கள் தங்கும் வண்டிக்கு நான் சொல்வேன்.

டிடி ஃப்றீ டிஷ் மட்டும் இதற்கு விதிவிலக்கு. மாதக் கட்டணமே இல்லாததால், மலிவான றிசீவர் ஒன்றை இரண்டாவதாக வைத்திருந்து, வானம் குறுகலான இடங்களில் அதே முக்காலியைத் தென்கிழக்கே திருப்பி, டிடி தமிழ் போன்றவற்றைப் பார்க்கலாம். உயரக் கோணத்தையும் எல்.என்.பி. சரிவையும் அப்போது மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி நிறத்தில் அடையாளம் இட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: திருநகர் வாசகி

இவ்வளவு விவரமாக எழுதியமைக்கு மனமார்ந்த நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டோம், குவிமாடம் வராது. முக்காலி டிஷ், முற்கொடுப்பனவு இணைப்பு, துணைக்குக் கம்பி அன்ரனா என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. எங்கள் பஸ்ஸில் இருப்பது 24 வோல்ற் மின்சாரம். இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியும் றிசீவரும் 12 வோல்ற். அந்த இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்றை எடுக்கலாம் என்று கராஜில் சொல்கிறார்கள், அது சரிதானா? அடுத்தது, செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்ரார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டதே, டிஷ்ஷே வேண்டாம், இணையத்தில் எல்லாம் பார்க்கலாம் என்று என் மகன் சொல்கிறான்.

பதில்: மாங்குளம் மின்திருத்துநர்

சகோதரி, ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்க வேண்டவே வேண்டாம். பலரும் அப்படிச் செய்கிறார்கள், பற்றரி செத்தபின்தான் எங்களிடம் வருகிறார்கள். இரண்டு பற்றரிகளும் தொடராக இருக்கும்போது அவற்றுக்குள் ஒரே மின்னோட்டம்தான் ஏறும். நீங்கள் ஒன்றை மட்டும் இறக்கினால், சார்ஜ் ஏறும் நேரத்தில் இறங்கியது முழுமையாக நிரம்பாது. மற்றது அளவுக்கு மிஞ்சி ஏறிக் கொதிக்கும். இரண்டுமே ஆயுள் முடிவதற்கு முன் போய்விடும். 24 வோல்ற்றை 12 வோல்ற்றாக மாற்றும் கன்வேர்ற்றர் ஒன்றைப் பூட்டலாம். அதையும்விட நல்லது, தங்கும் வசதிகளுக்கென்று தனியாக ஒரு 12 வோல்ற் பற்றரி வைத்து, கூரையில் சோலார் பலகை ஒன்றைப் பூட்டுவது. அப்படிச் செய்தால் இரவு முழுவதும் தொலைக்காட்சி பார்த்தாலும் காலையில் பஸ் ஸ்ராட் ஆகும்.

கணக்கைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. 24 அங்குல எல்.ஈ.டி. பெட்டி 30 வாற், றிசீவர் 15 வாற் என்று வைத்தால், நான்கு மணி நேரத்துக்கு 180 வாற் மணி. 12 வோல்ற்றில் அது 15 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியைப் பாதிவரைதான் இறக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் காத்தாலும், மூன்று இரவுகள் வெயிலே இல்லாமல் ஓட்டலாம். 100 வாற் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 350 வாற் மணிக்குக் குறையாமல் தரும். இன்வேற்றர் வைத்து 230 வோல்ற்றாக்கி, பிறகு அடப்ரரால் திரும்ப 12 ஆக்கினால், அந்த ஏற்ற இறக்கத்திலேயே மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாகும். 12 வோல்ற் அடப்ரரில் ஓடும் பெட்டியாகவும் றிசீவராகவும் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ற்றுக்கு மேல் ஏறும் என்பதால், பற்றரிக்கும் றிசீவருக்கும் இடையில் 12 வோல்ற்றில் நிலைநிறுத்தும் ஒரு சிறிய கருவியும் பியூஸும் இருக்க வேண்டும்.

மகன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஸ்ரார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே சேவையைத் தொடங்கியது. 4ஜி எட்டாத இடத்திலும் அதில் இணையம் கிடைக்கும். ஆனால் அதன் செய்மதிகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல, வானத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. டயலொக் டிஷ்ஷுக்கு மரங்களுக்கிடையே ஒரு சிறு வாசல் தெரிந்தால் போதும். ஸ்ரார்லிங்க் தட்டுக்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும், ஒரு கிளை குறுக்கிட்டாலும் படம் இடையிடையே நிற்கும். வழக்கமான தட்டு தனியாகவே 50 வாற்றுக்கு மேல் இழுக்கும். அது உங்கள் தொலைக்காட்சியும் றிசீவரும் சேர்ந்து இழுப்பதைவிட அதிகம். மகனுக்கு வண்டியில் வேலை செய்ய இணையம் வேண்டும் என்றால் அதற்காக எடுக்கலாம். மாமாவின் செய்திக்காகவும் மாமியின் தொடர்களுக்காகவும் மட்டும் அவ்வளவு செலவு தேவையில்லை. ஏ9 ஓரத்தில் நிற்கும்போது தொலைபேசியின் 4ஜியே போதும். சாதாரணத் தரத்தில் மணிக்கு ஒரு ஜிபி அளவில் செலவாகும் என்று கணக்கு வையுங்கள்.

பதில்: பரந்தன் சந்தி

மாங்குளம் அண்ணா மின்சாரத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். மழையைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான். இந்தச் சேவைகள் எல்லாம் 11, 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் கேயு அலைவரிசையில் வருகின்றன. அந்த அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை பெய்யும் சில நிமிடங்களுக்குப் படம் போய்வரும். எந்த நிறுவனத்தை எடுத்தாலும் இது மாறாது. சற்றுப் பெரிய டிஷ் இதைக் குறைக்கும். 60 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 75 எடுத்தால் சிக்னலைச் சேர்க்கும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால் காற்றும் அதே அளவு கூடுதலாகப் பிடிக்கும், பார்வையும் இன்னும் குறுகும் என்பதால் திருப்பிப் பிடிப்பது சற்றுக் கடினமாகும். நீங்கள் பெரும்பாலும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில், மழையில்லாத காலத்தில் பயணம் செய்வதால் 60 போதும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சம இரவு நாட்களை ஒட்டிச் சில பிற்பகல்களில், சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வரும் சில நிமிடங்கள் படம் மறையும். அப்போது பழுதென்று நினைத்துத் திருகாணியைத் தளர்த்திவிடாதீர்கள்.

கேபிளை வண்டிக்குள் கொண்டுவருவதற்குக் கூரையில் துளை போட வேண்டாம். பின்பக்கச் சுவரில், ஆள் இடுப்பளவு உயரத்தில், மூடியுள்ள வெளிப்புறத் துளைப்பெட்டி ஒன்றைப் பதித்து, உள்ளே றிசீவர் வரை நிரந்தரமாக ஒரு கேபிளும், வெளியே டிஷ் வரை கழற்றக்கூடிய ஒரு கேபிளுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேபிளைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் றிசீவரை நிறுத்திவிடுங்கள், எல்.என்.பி.க்கு அந்தக் கேபிள் வழியாகவே 13 அல்லது 18 வோல்ற் போய்க்கொண்டிருக்கும், முனைகள் ஒன்றோடொன்று பட்டால் றிசீவர் பழுதாகும். வற்றாப்பளையில் நந்திக்கடல் பக்கத்து உப்புக் காற்று பித்தளை முனைகளைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைக்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் முனைகளைத் துணியால் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் சிறிது தடவி வையுங்கள். பஸ் வேலை முடிந்ததும் பரந்தன் பக்கம் கொண்டுவந்தால், திறந்த வெளியில் நிறுத்தி உயரக் கோணத்தையும் எல்.என்.பி. சரிவையும் உங்கள் கணவரின் கையாலேயே சரிசெய்யப் பழக்கிவிடுகிறேன்.